ஒற்றைச் சப்பாத்து

மணி ஐந்தே முக்கால்.
செம்பனைகளுக்கு மேல் இன்னும் இருட்டு.
ராத்திரி பெய்த மழை
தகரத்திலிருந்து வாளிக்குள்
எண்ணி எண்ணி விழுகிறது.
கவிஷாவின் இடதுகால் சப்பாத்தைக் காணவில்லை.

வலதுகால் இருக்கிறது.
காற்றாடிக்கு முன்னால், நேற்று நான் காயவைத்த இடத்திலேயே,
வாய் நிறையப் பழைய பேப்பரோடு,
நல்ல பிள்ளையாய்.

சோபாவுக்கடியில் பார்த்தேன்:
ஒரு பென்சில், இருபது காசு, தீபாவளி முறுக்கில் பாதி.
வாஷிங் மெஷினுக்குள் பார்த்தேன்.
அரிசி வாளிக்குள்ளும் பார்த்தேன், லோகா.
சிரிக்காதே.
போன மாதம் ரிமோட் அங்கேதான் கிடைத்தது.

"எனக்குப் பள்ளி வேணாம்" என்கிறாள் ஒருத்தி.
"இன்னிக்குச் சொல்வதெழுதல்" என்று அழுகிறாள்
அதே ஒருத்தி,
ஒரு பக்கம் சடை, மறுபக்கம் காடு.

மேசைக்கடியில் மைலோ உறிஞ்சுகிறான் ருபேன்.
இரண்டு வயதுக்கு இன்னும் மூன்று மாதம்.
தம்பி, அக்கா சப்பாத்து எங்கடா?
இரண்டு கையையும் விரித்தான்:
"போச்சு."

அவனுக்கு எல்லாம் போச்சுதான்.
விளக்கை அணைத்தால் போச்சு.
பூனை சுவரேறினால் போச்சு.
கேட்டைச் சாத்தினால்
அம்மா போச்சு.

ஆறரைக்குத் தேவானை அக்காவின் வேன்
ஒருமுறை ஹார்ன் அடித்தது,
பிறகு கொஞ்சம் கோபமாக ஒருமுறை.
கைகாட்டி அனுப்பிவிட்டேன்.

அப்புறம் மூன்று பேரும் ஒரே மோட்டாரில்.
முன்னால் அவன், என் மழைச்சட்டைக்குள்ளே,
பின்னால் அவள்,
ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் ஜப்பான் சிலிப்பர்.
பாடாங் செராய் அப்போதுதான் இரும்புக் கதவுகளைத் தூக்குகிறது.
ரொட்டி சானாய்க் கல்லில் முதல் மாவு விழுகிறது.
தோட்டத்து லோரி வளைவில் ஒரு பழத்தைச் சிந்திவிட்டுப் போகிறது.
சிவப்பு விளக்கில், எதிரே,
உன் தொழிற்சாலை பஸ்.

உள்விளக்கு வெளிச்சத்தில்
கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய்.
பன்னிரண்டு மணி நேரம் அடுத்தவர் கைகளுக்குக் கையுறை எண்ணிய கை
மடியில் திறந்து கிடந்தது.
பிள்ளைகள் கத்தினார்கள்.
நானும்தான்.
பச்சை விழுந்தது.

"போச்சு"
என் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல்,
மழைச்சட்டை மூடியபடி.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லையாம்.
சொல்வதெழுதலில் பத்துக்கு ஒன்பது.
தப்பான ஒன்று, 'காலணி'.
ளகரம் போட்டுவிட்டாள்.

நீ கிளம்பும் ஐந்து மணிக்கு
உன் சேப்டி சப்பாத்திலும் ஒன்று இல்லை.
நீ என்னைப் பார்த்தாய்.
நான் மகளைப் பார்த்தேன்.
அவள், பெரிய மனுஷி,
தம்பியைப் பார்த்தாள்.

கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே
நீ பகலில் போர்த்தும் போர்வை
மேடாகக் கிடந்தது.
இழுத்தோம்.
அவளுடையது ஒன்று,
உன்னுடையது ஒன்று,
நான் தேடாமலே விட்டுவிட்ட என் பழைய செருப்பு ஒன்று.
வரிசையாகப் படுக்கவைத்து,
கழுத்துவரைக்கும் போர்த்தியிருந்தான்.

அவனுடைய சப்பாத்து மட்டும் அங்கே இல்லை.
அவன்தான் எங்கும் போகிறவன் இல்லையே.

முனையில் பஸ் ஹார்ன் அடித்தது.
நீ ஒற்றைச் சப்பாத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாய்.
யாரும் அவனைத் திட்டவில்லை.
திட்ட வேண்டிய வார்த்தை
யாருக்கும் வரவில்லை.

அவனேதான் போனான்.
நீ தூங்கும் பகல்களில்
சத்தமில்லாமல் விளையாடப் பழகியவன்,
உதட்டில் விரல் வைத்து எங்களை "ஷ்ஷ்" என்றான்.
நடுவில் கிடந்ததை
எழுப்பிவிடாமல் தூக்கிவந்து
உன் காலில் மாட்டினான்,
குதிகால் முன்னால், மூக்குப் பின்னால்.

அதைத் திருத்தாமலே
வாசல்வரைக்கும் நொண்டிக்கொண்டு போனாய்.
கேட்டைச் சாத்தின பிறகுதான்
குனிந்து சரியாகப் போட்டாய்.
ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன்.

அவன் பார்க்கவில்லை.
மற்ற இரண்டுக்கும்
மறுபடி
போர்த்திவிட்டுக்கொண்டிருந்தான்.